ஏழு இருபதுக்கு ஊர் வாய்

786

கடலூர் ஓ.டி.,
15.7.2009, புதன்கிழமை.

பாசமும் கண்டிப்பும் சேர்ந்து வாய்த்த மூத்த மச்சான் ஜனாப் நாசர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் முஹம்மது இஸ்மாயில் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இறைவன் கிருபையால் இங்கு நான் சுகம். ‘நாங்கள் அனைவரும் சுகம்’ என்றுதான் எழுதிப் பழக்கம். இப்போது வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லாததால், உள்ள ஆளின் சுகத்தை மட்டும் எழுதியிருக்கிறேன். அங்கு தாங்களும் தங்கள் வீட்டாரும் பேரப்பிள்ளைகளும், பத்து நாளாக அங்கே தங்கியிருக்கும் என் மனைவி அஜீசுன்னிசாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். கடைசியாகச் சொன்னவரிடம் இந்த துஆவைத் தெரிவிக்க வேண்டாம். யார் கேட்டது என்பார்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாங்கள் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறவர். நான் கூப்பிட்டால் எடுப்பது அவர்தான். என் குரலைக் கேட்டதும் திட்டுவதும் இல்லை, கட் பண்ணுவதும் இல்லை. போனை அப்படியே மிக்ஸி பக்கத்தில் வைத்து மிக்ஸியைப் போட்டுவிடுகிறார். இந்தப் பத்து நாளில் தங்கள் வீட்டில் எத்தனை முறை தேங்காய்ச் சட்னி அரைத்தார்கள் என்பது தங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். விஷயம் ஒன்றுதான். தங்கள் தங்கை வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், அதற்குத் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்கிறவருக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்பதால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதற்கு முன் தங்களுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் ‘அவள்’ என்று எழுதிய நான், இதில் ‘அவர்’ என்று எழுதியிருப்பதையும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரியில் நான் ரிட்டயர் ஆனது தாங்கள் அறிந்ததே. சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்ஸ் கீப்பர். டிரம்முக்குள் என்ன இருக்கிறதோ அந்தப் பெயர்தான் டிரம் மேலும் ஒட்டியிருக்க வேண்டும், அதைப் பார்ப்பதே என் உத்தியோகம். ரிட்டயர் ஆன மறுநாள் பார்ப்பதற்கு டிரம் இல்லாததால் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மிளகாய்த்தூள் டப்பாவில் மல்லித்தூள் இருப்பதையும் மல்லி டப்பாவில் கடுகு இருப்பதையும் எடுத்துச் சொன்னேன். மூன்றாம் நாள் அவர், “நீங்க இங்க உக்காந்திருக்கறது எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்த மாதிரி இருக்குங்க. அந்த ரேடியோவையாவது கேளுங்க” என்று சொல்லி, தாங்கள் துபாயிலிருந்து வந்தபோது தங்கைக்கென்று கொண்டுவந்து கொடுத்த அந்தச் சிவப்பு ரேடியோவை என் பக்கம் திருப்பி வைத்தார். நடந்த அத்தனைக்கும் ஆரம்பம் அந்த ரேடியோதான். அதைக் கொண்டுவந்தது தாங்கள்தான். குற்றமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து வரும் வங்கக்கடல் எஃப்.எம்.மில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ‘ஏழு மணி டிஃபன்’ என்று ஒரு நிகழ்ச்சி. சிந்துஜா என்ற பெண் நடத்துகிறது. மூச்சு எப்போது விடும் என்று தெரியாது. நாட்டு நடப்பு கொஞ்சம், அரசியல் கொஞ்சம், எட்டு மணிக்கு மேல் ஒரு சினிமாக்காரரின் பேட்டி, நடுநடுவே பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், தனியார் ரேடியோ செய்தி வாசிக்கக் கூடாது என்று சர்க்கார் சட்டம். அதற்கு இந்தப் பெண் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. ஏழு இருபதுக்கு ‘ஊர் வாய்’ என்று ஒரு பகுதி. நேயர் ஒருவர் போனில் வந்து தன் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்வார். ஒரு மந்திரி ராஜினாமா செய்துவிட்டார் என்று ரேடியோ சொன்னால் அது செய்தி, குற்றம். ராஜினாமா பண்ணிட்டாராமே என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள் என்று நேயர் சொன்னால் அது ஊர் வாய், குற்றமில்லை. சட்டம் போட்டவர்கள் டீக்கடைப் பக்கம் போகாதவர்கள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் நானும் போன் போட்டேன். லைன் கிடைத்துவிட்டது. “ரேடியோ வால்யூமைக் குறைச்சிட்டுப் பேசுங்க சார்” என்றது சிந்துஜா. குறைத்தேன். எங்கள் ஓல்டு டவுனில், அதாவது ஓ.டி.யில், காற்று தெற்கிலிருந்து அடிக்கிறது, அழுகின முட்டை வாசனை வருகிறது, மொட்டை மாடியில் துணி காயப்போட வேண்டாம் என்று சொன்னேன். கெமிக்கல் நடுவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன், வாசனை என் துறை. “சூப்பர் சார், அரசியல் ஏதாச்சும்?” என்றது. எனக்கு அரசியலில் ஒன்றும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் கரண்ட் போய், இடியாப்ப மாவு பிழிந்துகொண்டிருந்த தங்கள் தங்கை அணைந்த பல்பைப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது. அதை அப்படியே போனில் சொன்னேன். “டிவி குடுத்தாங்க, சரி. கரண்ட்டு குடுக்கலை. அப்ப அது டிவி இல்லை, கண்ணாடி. அதுல என் மூஞ்சிதான் தெரியுது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை நம்ம மூஞ்சியை நம்மளையே பாத்துக்கச் சொல்றாங்க.” சிந்துஜா சிரித்த சிரிப்பில் பாட்டுப் போட மறந்துவிட்டது. நாளைக்கும் வாங்க சார் என்றது.

மறுநாள் அவர்களே கூப்பிட்டார்கள். அதிலிருந்து தினமும் ஏழு இருபதுக்கு நான்தான் ஊர் வாய். ஏற்பாடு இதுதான். ஏழு மணிக்கு அவர் அடுப்படியில் ரேடியோவையும் அடுப்பையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு தன் பாட்டுக்குப் பேசுவார், நான் காபியோடு நின்று கேட்டுக்கொண்டு ஏழு பதினைந்துக்கு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். எலெக்‌ஷன் சமயத்தில் அவர் சொன்னது: “செருப்பைக் கழட்டிட்டு வீட்டுக்குள்ள வந்தா வேட்பாளர். செருப்போட வந்தா எம்.எல்.ஏ. வரவே இல்லைன்னா மந்திரி.” தண்டவாளத்தை அகலப்படுத்துகிறோம் என்று நம் ஊர் ரயிலை நிறுத்தி இரண்டரை வருஷம் ஆனதற்கு அவர் சொன்னது: “வீட்டைப் பெரிசாக் கட்டணும்னு குடும்பத்தை வெளிய நிக்க வெச்சாங்க. இப்ப வீடு பெரிசாத்தான் இருக்கு. குடும்பம் இன்னும் வெளியதான் நிக்குது.” சினிமாக்காரர்கள் ஒவ்வொருவரும் பேட்டியில் இந்தப் படத்தில் வித்தியாசமாக ஒரு ரோல் பண்ணியிருக்கிறேன் என்று சொல்வதற்கு: “எல்லாரும் வித்தியாசமாப் பண்ணுனா ஒரே மாதிரிதானே இருக்கும்.” இதையெல்லாம் நான் சொன்னதாக மாவட்டமே சொல்லிக்கொண்டு திரிந்தது.

இதில் அவருக்கு வருத்தம் கிடையாது என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் மாடியிலிருந்து இறங்கும்போது அவர் கீழே ரேடியோ முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். “மந்திரின்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தணுங்க. அவசரப்பட்டுட்டீங்க” என்று திருத்துவார். அவர் பேச்சைத்தான் நான் எடுத்துச் சொல்கிறேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும், வீட்டுக்குள் அதில் ஒளிவு மறைவு இல்லை. நீயே பேசேன் என்று நான் ஒரு நாளும் போனை நீட்டியதில்லை. அவரும் கேட்டதில்லை. இதை இப்போது எழுதும்போதுதான் நானே கவனிக்கிறேன்.

புகழ் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு முன் அனுபவம் இல்லை. பெரிய கடைத்தெருவில் டீக்கடை வைத்திருக்கும் பழனிவேல், ‘ஊர் வாய் இஸ்மாயில் பாய் டீ குடிக்கும் கடை’ என்று போர்டு எழுதி மாட்டினார். சலூனில் என்னை வரிசையில் முன்னால் உட்கார வைத்தார்கள். தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லாததால் அந்தச் சலுகையால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு கட்சிக்காரர்கள் வந்து பாய் நம்ம பக்கம்தானே என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டுத் திருப்தியோடு போனார்கள். ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும்போதுகூட நாலு பேர் என்னைச் சுற்றி நின்று நாட்டு நிலவரம் கேட்டார்கள். கேட்கக் கேட்க, இதெல்லாம் எனக்கே தோன்றியதுதானோ என்று ஒரு எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மல்லி டப்பாவைக் குறை சொன்ன ஆள் நான்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

இனி சம்பவத்துக்கு வருகிறேன். ஜூலை ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தேவனாம்பட்டினம் கடற்கரையில் பந்தல் போட்டு ‘ஏழு மணி டிஃபன்’ நேரடி ஒலிபரப்பு. சினிமாவிலிருந்து செம்பியன் என்ற கதாநாயகர் வருகிறார், அரசியலுக்கு ஓ.டி. இஸ்மாயில் பாய் வருகிறார் என்று ஒரு வாரமாக விளம்பரம் செய்தார்கள். அன்று அதிகாலையில் தங்கள் தங்கை எழுந்து என் வெள்ளைச் சட்டைக்குப் பெட்டி போட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று விஷயம் எழுதி மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். கூட்டத்தைப் பார்த்தால் மறந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். நான் கிளம்பிய பிறகு எதிர் வீட்டு மாரியம்மாளையும் இன்னும் மூன்று வீட்டுப் பெண்களையும் ரேடியோ கேட்கக் கூப்பிட்டு, சேமியா பாயாசம் வேறு காய்ச்சியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பந்தலில் அறுநூறு பேர் இருக்கும். நான் தாளில் இருந்த மூன்றையும் சொன்னேன். மந்திரிக்கு முன்னால் நிறுத்தவும் செய்தேன். மூன்றுக்கும் கைதட்டல். செம்பியன் என் தோளில் கையைப் போட்டு, “பாய், இதெல்லாம் எப்படித் தோணுது உங்களுக்கு? வீட்ல அம்மா எழுதிக் குடுக்கறாங்களா?” என்று விளையாட்டாகக் கேட்டார். மச்சான், உண்மையைச் சொல்ல இறைவன் இதைவிடச் சுலபமான வாய்ப்பை ஒரு மனிதனுக்குக் கொடுக்க முடியாது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாள் பாக்கெட்டில் இருக்கிறது. நான் மைக்கைப் பிடித்துச் சொன்னது இது: “அவங்களா? அவங்களுக்கு முதலமைச்சர் யாருன்னே தெரியாதுங்க. உப்பு கரெக்டாப் போடுவாங்க, அவ்வளவுதான்.” அறுநூறு பேரும் சிரித்தார்கள். செம்பியன் எழுந்து நின்று கைதட்டினார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த கைதட்டலில் பெரியது அதுதான். அது மட்டும்தான் என் சொந்தச் சரக்கு.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. சாவியை மாரியம்மாள் கொடுத்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். “அதை ஏன் கேக்குறீங்க பாய். நீங்க அதைச் சொன்னதும் நாங்க நாலு பேரும் தலையைக் குனிஞ்சிக்கிட்டோம். அக்காதான் பாயாசம் ஆறுது குடிங்கன்னு சொன்னாங்க. எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தாங்க. கிண்ணத்தை எல்லாம் கழுவிக் கவுத்தாங்க. அப்பறம் ரேடியோவை நிறுத்தி, துணியோட துணியாப் பையில வெச்சிக்கிட்டு சிதம்பரம் பஸ்ஸு ஏறிட்டாங்க” என்றார். அடுப்படியில் ரேடியோ இருந்த இடத்தில் தூசு இல்லாமல் ஒரு சதுரம் இருந்தது. எனக்கென்று ஒரு கிண்ணம் பாயாசம் மூடி வைத்திருந்தார். குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஏழு இருபதுக்கு எஃப்.எம். காரர்கள் கூப்பிடுவது நிற்கவில்லை, சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. திங்கட்கிழமை பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளத்தைப் பற்றி நானே யோசித்து ஒரு கருத்துச் சொன்னேன். பள்ளம் பெரிய பள்ளம், மூடினால் நன்றாக இருக்கும் என்பது அந்தக் கருத்து. சிந்துஜா “ஓகே பாய்” என்று சொல்லிப் பாட்டுப் போட்டது. செவ்வாய்க்கிழமை, இனி என் துறையிலேயே இருப்போம் என்று வாசனைக்குத் திரும்பினேன். இன்று காற்று சுத்தம், தாராளமாகத் துணி காயப்போடலாம் என்றேன். அடுத்த நிமிஷம் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டிலிருந்து மூன்று பேர் போன் போட்டு, காலையிலிருந்து மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், பாய் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டார்கள். காற்று திடீரென்று திரும்பியிருக்க வேண்டும். புதன்கிழமை நான் போனை எடுக்கவில்லை. வீட்டு நிலவரம் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. நான் வைத்த ரசத்தைக் குடித்துப் பார்த்தபோது, உப்புக் கரெக்டாகப் போடுவது சின்ன விஷயம் இல்லை என்று தெரிந்தது.

வியாழக்கிழமை ரேடியோ கேட்கப் பழனிவேல் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். ஏழு இருபதுக்கு சிந்துஜா, “இன்னைக்கு நம்ம ஊர் வாய்க்கு சிதம்பரத்துலேருந்து ஒரு புது நேயர். அக்கா, உங்க பேரு?” என்றது. “பேரு வேண்டாம்மா. உப்புப் போடத் தெரிஞ்ச பொம்பளைன்னு வெச்சுக்க” என்று பதில் வந்தது. குரல் தங்கள் தங்கையுடையது. பிறகு அவர் பள்ளத்தைப் பற்றிப் பேசினார். “எங்க ஊரு பக்கம் ஒரு பெரிய மனுசர், பள்ளத்தை மூடுனா நல்லா இருக்கும்னு சொன்னாரு. மூடுனா எப்படிம்மா நல்லா இருக்கும்? அடுத்த எலெக்‌ஷனுக்கு மூடித் தர்றோம்னு சொல்றதுக்கு அவுங்களுக்கு ஒரு பள்ளம் வேணாமா?” கடையே சிரித்தது. பழனிவேல் என்னிடம் திரும்பி, “பாய், இந்தம்மா உங்களையே தூக்கிச் சாப்பிட்டுடும் போலருக்கே” என்றார். பேசுவது யார் என்று அவருக்குத் தெரியாது. ஆமாம், பரவாயில்லை, நன்றாகத்தான் பேசுகிறார் என்றேன். அன்றிலிருந்து தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் என் மனைவியின் குரலைக் கேட்கிறேன். போனில் மிக்ஸி, ரேடியோவில் அவர்.

போன வெள்ளிக்கிழமை தாங்கள் லால்கான் தெருப் பள்ளிவாசல் வாசலில் யாரிடமோ போன் வாங்கி என்னிடம் பேசியதற்கு நன்றி. “எந்த வாயால எந்த எடத்துல சொன்னாரோ, அந்த வாயால அந்த எடத்துலயே எடுத்துச் சொல்லணுமாம் மாப்ளே. வேற எதுக்கும் மசிய மாட்டேங்குறா” என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஐந்து நாள் யோசித்ததில் வந்த முடிவுகளைக் கீழே தருகிறேன். நேரில் வந்து தங்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கத் தயார். மாரியம்மாளையும் மற்ற மூன்று பேரையும் மறுபடி கூப்பிட்டு, அவர்கள் முன்னாலும் கேட்கத் தயார். பாயாசம் நானே காய்ச்சுவதாகச் சொன்னால் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். எழுத்தில் வேண்டும் என்றால் எத்தனை பக்கமும் எழுதித் தருவேன். ரேடியோவில் மட்டும் முடியாது. காரணத்தைத் தாங்கள் ஆண்பிள்ளையாக யோசித்துப் பார்க்க வேண்டும். பழனிவேல் கடையில் போர்டு தொங்குகிறது. சலூன் இருக்கிறது. இரண்டு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அறுபதை நெருங்கும் வயதில் ஒரு மனிதனுக்கு முதன்முதலாக ஊரில் ஒரு பெயர் வந்திருக்கிறது. முப்பத்தோரு வருஷம் டிரம்களுக்குப் பெயர் ஒட்டியபோது என் பெயர் யாருக்கும் தெரியாது. அதை என் கையாலேயே கிழிக்கச் சொல்வது அதிகம் என்று தாங்கள் தங்கையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரை பஸ் ஏற்றி அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் வராவிட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதைவிட விளக்கமாக எழுதத் தெரியவில்லை.

தங்கள் முழங்கால் வலி குறையவும், கடை வியாபாரம் பெருகவும், பேரப்பிள்ளைகள் படிப்பில் மேலே வரவும் ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் ஸலாத்தைச் சொல்லவும். மிக்ஸிக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுக்கவும். வஸ்ஸலாம்.

இப்படிக்குத் தங்கள் அன்பு மாப்பிள்ளை,
மு. முஹம்மது இஸ்மாயில்.

பி.கு.: வியாழன், காலை ஒன்பது மணி.

கடிதத்தை உறையில் போட்டு ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். இன்று காலை தபால் பெட்டிக்குப் போகிற வழியில் பழனிவேல் கடையில் உட்கார்ந்தேன். ஏழு இருபதுக்கு அவர் பேசி முடித்தார், கடை சிரித்து முடித்தது. சிந்துஜா சும்மா இல்லாமல், “அக்கா, நீங்க சிதம்பரம் இல்லைதானே? சொந்த ஊர்ல எல்லாரும் உங்களை மிஸ் பண்ணுவாங்களே?” என்று கேட்டது. “யாரும்மா மிஸ் பண்ணப் போறாங்க? முப்பத்திரண்டு வருஷமா அந்த ஊர்ல இருக்கேன். என் பேரு அங்க யாருக்கும் தெரியாது. அவர் வீடுன்னுதான் தெரியும்” என்றார். அதற்குப் பின்னால் வேடிக்கையாக ஒன்று சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் என் பெயர் யாருக்கும் தெரியாது என்று மேலே தங்களிடம் முறையிட்டிருக்கிறேன். அதைவிட ஒரு வருஷம் கூடுதலாக ஒருவர் என் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

செல்போனை எடுத்து எஃப்.எம்.முக்குப் போன் போட்டேன். உடனே லைன் கிடைத்தது. பக்கத்திலேயே ரேடியோ இருந்ததால் கீயென்று கத்தியது. பழனிவேலைக் குறைக்கச் சொன்னால், என்ன பேசுகிறேன் என்று கேட்பதற்காக இன்னும் கூட்டி வைத்தார். எழுந்து நடு ரோட்டில் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றேன். “நான் ஓ.டி. இஸ்மாயில் பேசறேன்மா. ஒரு தகவல். அந்த டிவி, அந்தச் செருப்பு, அந்த ரயிலு எதுவும் என்னுது இல்லை. எல்லாம் என் வீட்டுல அஜீசுன்னிசா சொன்னது. பீச்சுல நான் சொன்னது பொய். முதலமைச்சர் யாருன்னு அவுங்களுக்கு நல்லாத் தெரியும். எனக்கே அவுங்க சொல்லித்தான் பல விஷயம் தெரியும். வாசனை மட்டும்தான் என்னுது” என்றேன்.

சிந்துஜா பாட்டுப் போடவில்லை. ஜவுளிக்கடை விளம்பரம்கூடப் போடவில்லை. அவர் இன்னும் லைனில்தான் இருந்திருக்கிறார். “வாசனையும் அவருது இல்லைம்மா” என்று குரல் வந்தது. “முப்பத்தோரு வருஷம் அந்த ஸ்டோர்ஸுல இருந்தவருக்கு மூக்கு ஏது? மல்லிப்பூவும் பினாயிலும் அவருக்கு ஒண்ணுதான். விடியக்காலம் துணி எடுக்க மாடிக்குப் போறப்ப இன்னைக்குத் தெக்குக் காத்துன்னு நான்தான் சொல்லுவேன்.” யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காற்று எங்கேயும் திரும்பவில்லை. “அப்ப பாய்க்குன்னு என்னதான்க்கா இருக்கு?” என்று கேட்டது சிந்துஜா. “நல்ல மனசு இருக்கும்மா. கொஞ்சம் லேட்டா வேலை செய்யும்” என்றார். “சரிக்கா, இப்பவாச்சும் பேரைச் சொல்லுங்க. ஊர் வாய்ல இன்னைக்கு யாரு?” என்றது. அவர் கொஞ்சம் நிறுத்தினார். மந்திரிக்கு முன்னால் எவ்வளவு நிறுத்தச் சொல்வாரோ அவ்வளவு. “அஜீசுன்னிசா, கடலூர் ஓ.டி.” என்றார். சிதம்பரம் என்று சொல்லவில்லை மச்சான்.

ஆகவே மேலே எழுதியிருக்கும் கோரிக்கை எதையும் தாங்கள் பரிசீலிக்க வேண்டியதில்லை. பதினோரு மணி பஸ்ஸில் நானே அழைத்துப் போக வருகிறேன். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டதால் இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன். பழனிவேல் போர்டைக் கழற்றிப் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டார், பெயர் மட்டும்தானே மாற்ற வேண்டும் என்கிறார். திங்கட்கிழமையிலிருந்து ஏழு இருபதுக்கு அவரைத்தான் கூப்பிடுவதாகச் சிந்துஜா சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் இடியாப்பம் பிழிய வேண்டியவன் நான். கடிதத்தைத் தாங்கள் கடையில் வைத்துத் தனியாகப் படித்துவிட்டு உடனே கிழித்துப் போடவும். அவர் கையில் கிடைத்தால் திங்கட்கிழமை காலையில் மாவட்டம் முழுக்கக் கேட்கும்.